நல்ல உத்தரத்துக்கு முட்டு

ஆரணியில் ஒரு வீட்டை இடிக்க வேண்டுமென்றால் முதலில் வாயால்தான் இடிப்பார்கள். கடப்பாரையெல்லாம் அப்புறம் வருவது. தனசேகரன் தன் வீட்டை வாயால் இடிக்கத் தொடங்கியது அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு. இத்தனைக்கும் அந்த வீட்டின் மேல் அவனைப் போல உயிரை வைத்திருந்தவன் அந்தத் தெருவில் இல்லை, அந்த வம்சத்திலேயே இல்லை. உயிரை வைத்திருந்ததால்தான் இடித்தான். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். முழுசாகக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

வீடு அவனுடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. பட்டு வியாபாரி, பட்டுக்காகவே கட்டிய வீடு. வாசலில் நின்று பார்த்தால் பெரிய ஆடம்பரம் ஒன்றும் தெரியாது. உள்ளே இரண்டாம் கட்டில் இருந்த கூடம்தான் விஷயம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, வடக்குப் பார்த்து வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். எந்த நேரத்திலும் வெயில் நேராக உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அதற்கு எதிர்ச் சுவர் முழுக்க முட்டைப்பூச்சு. சுண்ணாம்பை ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் முகம் தெரியும்.

அந்தச் சுவருக்கு முன்னால் பட்டைப் பிடித்தால் அதன் நிறம் எதுவோ அதுதான் தெரியும். டியூப் லைட்டு வெளிச்சத்தில் அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றுபோல நின்று ஆளை ஏமாற்றும். இந்தச் சுவரிடம் அந்த ஜம்பம் பலிக்காது. சாயப்பட்டறையிலிருந்து வரும் நூலைத் தனசேகரன் இன்றைக்கும் அங்கே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தறிக்குக் கொடுப்பான். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவான். நிறத்தில் பொய் சொல்லாத மனுஷன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அந்தப் பெயரில் பாதி சுவருக்குச் சேர வேண்டியது, அதை அவனே ஒத்துக்கொள்வான்.

அப்பா இருந்தபோதே சென்னையிலிருந்து காவ்யா வந்து பார்த்திருந்தாள். பழைய வீடுகளைப் பழமை கெடாமல் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். கலசப்பாக்கத்தில் ஒரு வீட்டைச் சீர்செய்துகொண்டிருந்தவள், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஆரணிக்கு வந்தாள். கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு உத்தரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"சார், தேக்கு மணி மாதிரி இருக்கு. மேல ஒரு மூலையில தண்ணி போற வழி அடைச்சிருக்கு, பின்பக்கம் யாரோ சிமெண்டு பூசியிருக்காங்க, அதைக் கொத்திட்டு சுண்ணாம்புதான் போடணும். அவ்வளவுதான் சீக்கு. இந்த மாதிரி ஒரு கூடத்தை நான் வேற எங்கேயும் பாத்ததில்ல. உங்க பேருக்கு வீடு வரட்டும், வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றாள்.

உங்க பேருக்கு வரட்டும். அந்த ஒரு வார்த்தைதான் தனசேகரனின் தூக்கத்தைக் கெடுத்தது.

சொத்து என்று இருந்தது இரண்டு. ஒன்று இந்த வீடு. இன்னொன்று சேவூர் போகிற வழியில் இருந்த விசைத்தறி ஷெட்டு. பங்குக்காரர்கள் இரண்டு பேர். தம்பி அன்பரசுதான் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதன் பின்னாலேயே வீடு கட்டிக் குடியும் இருந்தான். ஆளுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் பாகப்பிரிவினைக்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் கூறு போட வேண்டும், சின்னவன் எடுக்க வேண்டும். போடுகிறவனுக்கு எது தன் பங்கு என்று தெரியாது. அதனால் ஓரவஞ்சனை செய்ய மாட்டான் என்பது கணக்கு. முன்னோர்கள் புத்திசாலிகள்தான், தனசேகரன் மாதிரி ஒருவன் பிறப்பான் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அன்பரசு வீட்டைக் கேட்டுவிடுவானோ என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. வீடு இருப்பது கடைத்தெருவுக்கு ஒட்டினாற்போல. அன்பரசுவின் மச்சான் வேலூரில் மனை வியாபாரம் செய்கிறவன். கருமாதிக்கு வந்தபோது சாப்பிட்ட கையைக் கழுவாமலே, "நல்ல எடம் மாமா, கீழ மேல கடை போட்டா ஜோரா ஓடும்" என்று அன்பரசுவின் காதில் ஓதியதைத் தனசேகரன் பார்த்தான். அன்பரசு என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை, அவன் தலையாட்டினதைத்தான் பார்த்தான். சாப்பாட்டுப் பந்தியில் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? அதெல்லாம் யோசிக்கிற நிலையில் இவன் இல்லை.

"நேராப் போயி கேட்டுடுங்களேன். எனக்கு வீடு வேணும்டான்னு சொன்னா அன்பு இன்னா மாட்டேன்னா சொல்லப் போறாரு?" என்றாள் அவன் மனைவி ஹேமலதா. தேவிகாபுரத்துக்காரி. மனசில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அண்ணன் போயி தம்பிகிட்ட கை நீட்டுவானா? அவன் குடுத்தா காலத்துக்கும் அவன் போட்ட பிச்சை. மாட்டேன்னுட்டா என் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?"

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

அதற்குத்தான் தனசேகரன் வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். வீடு இப்போ விழும் அப்போ விழும் என்று ஆக்கிவிட்டால் எவன் கேட்பான்?

டீக்கடையில் ஆரம்பித்தான். நூல் கடையில் சொன்னான். கோயில் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே சொன்னான். "கரையான் மேல ஏறிட்டுதுங்க. ராத்திரில பொடிப்பொடியா கொட்டுது." சுற்றுச்சுவரில் முளைத்த அரசங்கன்றை வழக்கமாக வேரோடு பிடுங்கிப்போடுகிறவன், அந்த வருஷம் அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வளர்த்தான். கூடத்து ஜன்னல்களுக்கு வெளியே நீலத் தார்ப்பாயைக் கட்டினான். மழை உள்ளே அடிக்கிறதாம். அந்தப் பாய் கட்டியபிறகு கூடம் சீக்குக்காரன் அறை மாதிரி ஆகிவிட்டது. சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நூல் கட்டுகளை அவன் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் நிறம் பார்த்தான்.

கடைசியாக முட்டு. சென்ட்ரிங் கடையிலிருந்து சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் பட்டப்பகலில் இறக்கினான். கூடத்தின் நடு உத்தரத்துக்கு வரிசையாக முட்டுக் கொடுத்தான். ஆனால் கட்டையின் தலை உத்தரத்தில் பட்டு அழுத்தினால் தேக்கில் வடு விழும். அந்த உத்தரத்தின் அடிப்புறம் கொள்ளுத்தாத்தா காலத்துத் தச்சர்கள் இழைத்த கொடி வேலைப்பாடு இருந்தது. அது நசுங்க இவன் மனசு பொறுக்குமா? வீட்டிலிருந்த வெட்டுப்பட்டுத் துண்டுகளை எடுத்து நாலாக மடித்து, ஒவ்வொரு கட்டையின் தலையிலும் வைத்து, மேலே பட்டும் படாமலும் நிறுத்தினான். பட்டுக்காரன் புத்தி எங்கே போகும்?

ஏணியிலிருந்து இறங்கியவனிடம் ஹேமலதா சொன்னாள். "குடியிருக்கிற வூட்டை விழுந்துது விழுந்துதுன்னு சொல்லாதீங்க. வூட்டுக்குள்ள ததாஸ்து தேவதை சுத்திகினு இருக்கும். நாம இன்னா சொல்றமோ அதுக்கு அப்படியே ஆகட்டும்னு சொல்லிடும்."

"பங்கு பிரியற வரைக்கும்தான்டி. அப்புறம் காவ்யாவை வரச் சொல்லி எல்லாம் ஜோடிச்சிடலாம். தேவதையை அதுவரைக்கும் காதைப் பொத்திக்கச் சொல்லு."

இடையில் காவ்யா ஒருமுறை வந்து முட்டுக் கட்டைகளைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாள். "சார், இந்த உத்தரத்துக்கா முட்டு? இன்னும் ரெண்டு மாடி ஏத்தினாலும் தாங்குமே?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "என்னை யாராவது கேட்டா நான் வீடு நல்லா இருக்குன்னுதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நல்லவேளையாக அவளை யாரும் கேட்கவில்லை.

பாகம் பிரிக்கிற நாளில் தாய்மாமா பச்சையப்பன் வந்து நடுவில் உட்கார்ந்தார். பங்காளிகள் சிலர், தெருப் பெரியவர்கள் சிலர். எல்லோரும் முட்டுக் கட்டைகளை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது.

"பெரியவனே, கூறு போடு" என்றார் மாமா.

தனசேகரன் போட்டான். ஒரு பக்கம் வீடு, வெறும் வீடு. மறுபக்கம் ஷெட்டு, ஓடுகிற தறிகள், ஷெட்டை ஒட்டிய காலி மனை, தம்பி குடியிருந்த பின்கட்டு, அம்மாவின் நகையில் மிச்சம் இருந்தது எல்லாம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. இவ்வளவு தாராளமாகப் போடுகிறானே என்று மாமாவே நிமிர்ந்து பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தராசு போதுமான அளவு சாய்ந்துவிட்டது. ஆனால் பயந்தவனுக்குப் போதும் என்பதே கிடையாது.

"வீட்டைப் பத்தி நான் மறைக்கக் கூடாது மாமா" என்று ஆரம்பித்தான். "உத்தரம் முழுக்க கரையான். சுண்ணாம்புச் சுவரு, உள்ள மண்ணாப் போயிட்டுது. மழை வந்தா நானும் இவளும் வாசப்பக்கம்தான் படுத்துகினு இருக்கறோம். யாரு இதை எடுத்தாலும் இடிச்சிட்டுத்தான் கட்டணும். ரிப்பேருக்கெல்லாம் ஆகாது. இதைக் கற்பூரம் எரியற எடத்துல சொல்றேன்."

ஹேமலதா சமையலறை நிலையில் நின்றிருந்தாள். கற்பூரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சின்னவனே, எடு" என்றார் மாமா.

அன்பரசு உடனே எடுக்கவில்லை. அண்ணாந்து முட்டுகளைப் பார்த்தான். நீலமாக இருண்டு கிடந்த கூடத்தைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வீடு" என்றான்.

"டேய், காதுல விழுந்துதா இல்லியா? வீடு இடிஞ்சு கெடக்குதுன்றான்" என்றார் மாமா.

"விழுந்துது மாமா. அதனாலதான் எடுக்கறேன். அப்பா படுக்கையில கெடந்தப்ப மலம் மூத்திரம் வாரினது அண்ணனும் அண்ணியும். இந்த இடிஞ்ச வீட்ல உயிரைக் கையில புடிச்சிகினு கெடந்ததும் அவங்க. நான் ஓடற தறியை எடுத்துகினு, விழப்போற வீட்டை அவங்க தலையில கட்டணுமா? ஷெட்டு அண்ணனுக்கு இருக்கட்டும். நான் சின்னவன், எப்படியாவது பொழைச்சிக்குவேன்." சொல்லிவிட்டுக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பின்னா இவன்டா தம்பி" என்று ஒரு பெரியவர் தனசேகரனின் முதுகில் தட்டினார். இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தனசேகரன் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானாலும், பிடித்தவன் அது பிள்ளையார்தான் என்று சாதிக்க வேண்டியிருக்கிறதே.

எல்லோரும் போனபிறகு ஹேமலதா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "காதைப் பொத்திகிச்சா?"

அவன் கற்பூரம் அணைந்த தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்தான். முதலில் வந்தது கோபம்தான். எல்லாம் நடிப்பு, மனைக்காகத்தான் எடுத்தான், மச்சான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தம்பியை அயோக்கியன் ஆக்கிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது. அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. பத்திரம் பதிவான மறுநாளே அன்பரசு ஒரு வரைபடத்தோடு வந்தான்.

"பாருண்ணா. கீழ கடை, வாடகை வந்துகினு இருக்கும், எனக்கு அது போதும். மேல வீடு. அது உனக்கும் அண்ணிக்கும். காத்து ஜம்முனு வரும். அண்ணி பயப்படாம தூங்கணும். அதுவரைக்கும் ஷெட்டுக்குப் பின்னால இருக்குற வீட்ல இருங்க, நாங்க வாடகைக்குப் போயிடறோம்."

தனசேகரன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்பரசு அதைத் திருப்பி அவன் கையில் வைத்தான். சின்ன வயசிலிருந்து அவன் அப்படித்தான். அன்பு என்றால் வாயால் சொல்ல மாட்டான், செய்துவிட்டுப் போவான். இது தனசேகரனுக்குத் தெரியாததா? ஐம்பது வருஷம் தெரிந்ததை ஒரு சாப்பாட்டுப் பந்தியில் மறந்துபோயிருந்தான்.

காவ்யா போனில் கத்தினாள். "சார், போய் உண்மையைச் சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேலை. கொஞ்சம் அசிங்கமா இருக்கும், அவ்வளவுதானே? அப்படி ஒரு கூடத்தைத் திரும்ப யாராலயும் கட்ட முடியாது." அவளே அன்பரசுவிடமும் பேசிப் பார்த்திருக்கிறாள். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னானாம். "மேடம், நீங்க அளந்து பாத்துட்டுப் போனவங்க. எங்க அண்ணன் அதுலயே பொறந்து வளந்தவரு. அவரு கற்பூரத்துக்கு முன்னாடி சொன்னாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தனசேகரன் சேவூர் ஷெட்டுக்குப் போனான். அன்பரசு தறிக்காரர்களுக்குப் புது முதலாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தறிகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. அந்தச் சத்தம் தனசேகரனுக்கு வசதியாக இருந்தது. தம்பியை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் காதருகே குனிந்தான். வாயைத் திறந்த நேரம் பார்த்து கரண்டு போயிற்று. தறிகள் அத்தனையும் ஒரேயடியாக நின்றன. சட்டென்று ஷெட்டு முழுக்க அமைதி. வேலை இல்லாத தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பி முதலாளிகளைப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா?" என்றான் அன்பரசு.

நான் பொய் சொன்னேன்டா என்பதுதான் வார்த்தை. அத்தனை பேர் காதும் அதற்காகவே திறந்திருந்த மாதிரி இருந்தது. "வீடு... அவ்வளவு மோசம் ஒண்ணும் இல்லடா. வேணா ஷெட்டை நீயே வச்சுக்கோ. நான் அந்த வீட்லயே இருந்துக்கறேன்" என்றான்.

அன்பரசு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும்ண்ணா, உனக்கு மனசு கேக்கல. நல்லது உனக்கு வந்துடுச்சேன்னு பேஜார் படறே. சின்ன வயசுல வெந்த கிழங்கை எனக்குக் குடுத்துட்டுக் கருகினதை நீ தின்ன ஆளுதானே. போதும். இந்த ஒரு வாட்டி நான் கருகினதை எடுத்துக்கறேன். கற்பூரம் தொட்டு எடுத்த பங்கை மாத்தினா குடும்பத்துக்கு ஆகாது." கரண்டு வந்தது. தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. தனசேகரன் அந்தச் சத்தத்துக்குள் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

மறுபடி முயற்சி செய்தானா என்றால், இல்லை. நாளைக்குப் பேசலாம் என்றான், அமாவாசை போகட்டும் என்றான். அப்படியே ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. அவனும் ஹேமலதாவும் ஷெட்டுக்குப் பின்வீட்டுக்கு மாறியபின் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. அதை அவன் ஒருவன்தான் ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

கார்த்திகை கழிந்ததும் ஜேசிபி வந்தது. ஓட்டியவன் அருள்ராஜ், சேவூர்க்காரன். விழப்போகிற வீடு என்பதால் தெருவில் கயிறு கட்டி, குழந்தைகளையெல்லாம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பச்சையப்பன் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தனசேகரன் வராமலிருக்க என்னென்னவோ சாக்கு வைத்திருந்தான். அன்பரசு விடவில்லை. "நீ இல்லாம எப்படிண்ணா?" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

முன்கட்டு முதலில் போயிற்று. அதற்கே மதியம் ஆயிற்று. அருள்ராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். "சார், இன்னா சார் இது? கொத்தினா வண்டிதான் தூக்குது. இதையா உளுந்துடும்னீங்க?" ஓரமாக நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். அன்பரசு சிரிக்கவில்லை.

அடுத்தது கூடம். வண்டியின் கை நீண்டு தார்ப்பாயைக் கிழித்து இழுத்தது. அத்தனை மாதம் கழித்து வெளிச்சம் உள்ளே வந்தது. முன்கட்டு இல்லாததால் தெருவிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது, சுவர். ஒரு விரிசல் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்களின் சேலைகள் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக அதில் தெரிந்தன.

முட்டுக் கட்டையை எடுத்தால் உத்தரம் இறங்கிவிடும் என்று பயந்து, வேலையாட்கள் நடுக் கட்டையில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்தார்கள். கட்டை சாய்ந்தது. உத்தரம் அசையவில்லை. அடுத்ததும் சாய்ந்தது, அதற்கும் அசையவில்லை. கடைசிக் கட்டையும் விழுந்தபோது அதன் தலையிலிருந்த பட்டுத் துண்டு மட்டும் கொஞ்சம் மிதந்து வந்து அன்பரசுவின் காலடியில் விழுந்தது.

அன்பரசு அதை எடுத்தான். மயில்கழுத்துப் பட்டு. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடவிப் பார்த்தான். பட்டின் மேல் ஒரு வருஷம் பாரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஆரணியில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இழை நசுங்கி, கண்ணாடி மாதிரி மினுங்கி, மடிப்பில் விண்டுவிடும். இந்தத் துண்டு நேற்று மடித்து வைத்த மாதிரி மெத்தென்று இருந்தது. நாலு மடிப்பையும் பிரித்தான். அடுத்த துண்டையும் தேடி எடுத்துப் பிரித்தான். பிறகுதான் அண்ணனைப் பார்த்தான்.

"மடிப்புகூட விழலியேண்ணா" என்றான்.

தனசேகரன் விழுந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தான்.

"நல்லா இருக்குற உத்தரத்துக்கு முட்டு குடுத்து, அது வலிக்கக் கூடாதுன்னு பட்டு வேற வச்சிருக்கே. இந்த வீட்டு மேல இவ்வளவு ஆசையா உனக்கு?"

"வீடு எனக்கு வேணும்னுதான்டா... நீ எடுத்துடுவியோன்னு..."

"ஒரு வார்த்தை. அன்பு, வீடு எனக்குன்னு ஒரு வார்த்தை. அன்னிக்கே ஷெட்டுக்கு ஓடியிருப்பேன். நான் புடுங்கிக்குவேன்னு நெனச்சே இல்ல? என் அண்ணன் என்னை அப்படி நெனச்சிகினு இருந்திருக்கான், நான் அவனுக்கு மாடியில வீடு கட்டறதுக்குக் கம்பி வெல கேட்டுகினு அலையறேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இனி எதை மறைக்க? தனசேகரன் கயிற்றைத் தாண்டி இடிபாட்டின் மேல் ஏறித் தம்பிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினான். எந்தக் கையை நீட்ட மாட்டேன் என்று ஹேமலதாவிடம் சொன்னானோ, அதே கையை.

"தப்புதான்டா. இப்ப கேக்கறேன். இந்தக் கூடத்தை மட்டும் விட்டுடு. இதுவரைக்கும் இடிச்சது போகட்டும். கால்ல வேணா விழறேன்."

அன்பரசு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் இளகிவிட்டான் என்றுதான் மாமாகூட நினைத்தார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அன்பரசு பட்டுத் துண்டை மறுபடி நாலாக மடித்தான். அண்ணனின் கையில் வைத்தான்.

"நீ கற்பூரம் எரியற எடத்துல சொன்னே. இடிச்சிட்டுத்தான் கட்டணும், ரிப்பேருக்கு ஆகாதுன்னு பத்து பேரு கேட்டாங்க. என் அண்ணன் பொய் சொல்ல மாட்டான்னு சொல்லித்தான் நான் இதை எடுத்தேன், அந்த மேடத்துக்கிட்டயும் அதான் சொன்னேன். உன் வார்த்தையை நான் பொய்யாக்க மாட்டேன்ண்ணா." திரும்பினான். "அருள்ராஜ், இன்னா பாத்துகினு நிக்கறே? ஜல்தியா ஆவட்டும்."

"சார், செவுரு நல்லா கீதே..."

"இடி."

தனசேகரன் வண்டிக்கு முன்னால் போய் நிற்கவில்லை. நின்றிருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள், சொல்வதற்கென்ன. பச்சையப்பன் மாமாதான் அவன் தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். அவர் பிடித்த பிடியில் பரிவு இல்லை. அன்பரசு பின்னாலிருந்து சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "மேல் வீடு உனக்குத்தான். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

கூடம் லேசில் விழவில்லை. அன்று சாயங்காலம் வரை சுவரில் ஒரு பக்கம்தான் பெயர்ந்தது. மறுநாள் இன்னொரு வண்டியையும் கொண்டுவர வேண்டியிருந்தது. செய்தி பரவி, பக்கத்துத் தெருக்காரர்கள், நூல் கடைக்காரர்கள், டீக்கடையில் கரையான் கதையைக் கேட்டவர்கள் என்று முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், விழப்போன வீடு எப்படி விழ மாட்டேன் என்கிறது என்று. ஹேமலதா மட்டும் ஒருநாளும் வரவில்லை.

தை பிறந்து சாயப்பட்டறையிலிருந்து கல்யாண ஆர்டருக்கான நூல் வந்தது. தனசேகரன் அதை ஷெட்டுக்குப் பின்வீட்டு வாசலில் வைத்து, நிழலில் பார்த்தான், வெயிலில் பார்த்தான், டியூப் லைட்டைப் போட்டும் பார்த்தான். அரக்குதானா, காப்பிக்கொட்டை நிறம் இல்லையே என்று ஹேமலதாவைக் கேட்டான்.

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.